சந்தாதாரர் சொன்னது

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன பத்தொன்பதாம் தேதி ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "இதுல ஒரு நம்பராவது நீங்க போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் போட்டுப் பார்த்ததில்லை. அந்த இல்லையிலிருந்து பிறந்த கதை இது.

அவர் கையில் இருந்தது மூன்று வருடங்களுக்கு முன் நான் தொகுத்த கையேடு. தலைப்பு, 'மூத்தோருக்குத் துணை'. அறுபத்துநான்கு பக்கம், வழுவழு அட்டை. அட்டையில் ஒரு முதிய தம்பதி சிரிக்கிறார்கள். (அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. படம் விற்பவர்களிடம் வாங்கியது. அவர்களுக்கு ஏதாவது துணை கிடைத்ததா என்றும் தெரியாது.) இரண்டாம் பக்கத்தில் "ஓர் அழைப்பு போதும்" என்று ஒரு வாக்கியம் வருகிறது. அது என்னுடையது. அதை எழுதிய அன்று எனக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று பொறுமையாக விளக்குவது எனக்குப் பிடித்த வேலை. தண்ணீர்க் குழாய், ரயில் சிக்னல், விண்ணப்பப் படிவம், எதுவானாலும் சரி. இந்த முறையும் விளக்கத்தான் போகிறேன். ஆனால் விளக்க விளக்கக் கோபம்தான் ஏறுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லது நீங்களும் கோபப்படுங்கள்.

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'ஜன்னலோரம் அமர்ந்திருந்த அந்த மூதாட்டியின் கண்களில் ஓர்' — வேண்டாம். அவர் ஜன்னலோரம் உட்காருவதே இல்லை. அங்கே காற்று நேராக அடிக்கும், இடுப்பு வலிக்கும்.

'முதுமை என்பது' — இப்படித் தொடங்கினால் அடுத்து ஒரு பொய்தான் வரும்.

'ஒன்றாம் தேதி காலை, தமக்கையின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், டெஸ்டர் கையேட்டைப் பிரித்தார்.' — இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

டெஸ்டர் என்பது பட்டப்பெயர்; என் வாசலில் வந்து நின்றவர் அவர்தான். வயது எழுபத்து நான்கு. முப்பத்தைந்து வருடம் தொலைபேசி நிலையத்தில் சோதனை மேசையில் இருந்தவர். அவருடைய அக்காவுக்கு எண்பத்தொன்று. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கவுன்ட்டரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். காலையில் படுக்கையிலிருந்து எழவும் குளிக்கவும் இன்னொருவர் கை வேண்டும். அந்தக் கை இதுவரை மருமகளுடையது.

அன்று காலை அக்காவின் மகன் விஷயத்தைச் சொன்னான்.

"மாமா, வேலையில என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. முப்பதாம் தேதி அங்க சேரணும். கிடைச்ச வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவை எப்படிக் கொண்டு போறது?"

"அம்மா இங்கயே இருக்கட்டும். நான் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன்."

"உங்க தோள்பட்டையை நீங்களே தூக்க முடியல, அம்மாவை எப்படித் தூக்குவீங்க? முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்காம். முப்பது வரைக்கும் பிடிச்சு வைக்கறேன்னாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. (முதல் வரைவில் இவனைக் கல்நெஞ்சனாக எழுதியிருந்தேன். கையில் கார்ச் சாவியைச் சுழற்றவிட்டேன். டெஸ்டர் படித்துவிட்டு, "இவன்கிட்ட கார் கிடையாது. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ பதினாறு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல படுத்துக் கிடந்தவன். இவனை வில்லனாக்கினா உங்களுக்குச் சுலபமா இருக்கும், அவ்வளவுதான்" என்றார். சாவியை அடித்துவிட்டேன்.)

மேசையில் பேச்சு முடிந்தபோது தேவை தெளிவாகிவிட்டது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் ஆள். வாரத்தில் மூன்று நாள் முதியோர் பகல் மையத்துக்குப் போய்வர ஒரு வண்டி. இந்த இரண்டும் கிடைத்தால் அக்கா தன் வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் இல்லம். கெடு முப்பது நாள்.

அக்கா அப்போது சொன்னது ஒரே வரி: "அந்த டீயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

4.

டெஸ்டரின் பழைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீதிக் கதை அதன்மேல்தான் நிற்கிறது.

ஒருவர் வீட்டுத் தொலைபேசி பழுதானால் புகார்ச் சீட்டு ஒன்று எழுதப்பட்டுச் சோதனை மேசைக்கு வரும். மேசையில் இருப்பவர் அந்தக் கம்பியைத் தன் கருவியில் இணைத்துப் பார்ப்பார். கம்பி எங்கோ அறுந்திருந்தால் ஒரு மாதிரி காட்டும். இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் வேறு மாதிரி காட்டும். பழுது எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, ஆளை அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். ஆனால் சரிசெய்ததோடு சீட்டை மூட முடியாது. சீட்டின் கடைசி வரி, 'சந்தாதாரர் சொன்னது'. மேசையிலிருந்து அந்த வீட்டுக்கே அழைத்து, அந்த வீட்டுக்காரர் தன் வாயால் "சரியாக் கேக்குது" என்று சொன்ன பிறகே அந்த வரியை நிரப்பலாம். கருவி சரி என்று காட்டலாம், போன ஆள் சரி என்று சொல்லலாம். அதெல்லாம் கணக்கில் வராது.

இது பெரிய தத்துவம் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்த ஒரு வரி. அந்த வரியை யோசித்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவரை எனக்குப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

டெஸ்டர் கையேட்டை அந்த முறைப்படியே எடுத்துக்கொண்டார். கூரான பென்சில். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக. ஒவ்வோர் எண்ணையும் மூன்று வேளைகளில், ஒவ்வொரு முறையும் இருபது ரிங் போகும் வரை. மொத்தம் நாற்பத்தொரு எண்கள். ஒன்பது நாள் ஆயிற்று.

ஒன்பது எண்கள் உபயோகத்தில் இல்லை. பன்னிரண்டு, அடித்துக்கொண்டே இருந்தன. ஐந்தில் பதிவு செய்த குரல். அதில் ஒன்று, அலுவலகம் இடம் மாறிவிட்டது, புது முகவரிக்குக் கையேட்டைப் பார்க்கவும் என்றது. பதினான்கில் மனிதர்கள் எடுத்தார்கள். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் வேறோர் எண்ணைக் கொடுத்தார்கள். அவர்களில் ஏழு பேர் அக்காவின் பெயரையும் வயதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். (இந்த ஏழை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.)

மீதி ஓர் எண். அதுவும் பின்னால்.

5.

பதினான்கு பேர் கொடுத்த எண்களை டெஸ்டர் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் படமாக வரைந்தார். மின்சுற்றுப் படம் மாதிரி. கட்டங்கள், அம்புகள். பெரும்பாலான அம்புகள் நான்கு கட்டங்களில் போய் விழுந்தன.

பக்கம் பதினொன்று: காலை நேர வீட்டு உதவி. ஆள் அனுப்புவார்கள். ஆனால் நடமாட்ட மதிப்பீட்டுச் சான்று வேண்டும்.

பக்கம் பதினேழு: அந்தச் சான்று தரும் மருத்துவமனைப் பிரிவு. தருவார்கள். ஆனால் ஆள் நேரில் வர வேண்டும். நடக்க முடியாதவர்கள் முதியோர் வண்டியில் வரலாம்.

பக்கம் இருபத்துமூன்று: முதியோர் வண்டி. கையேட்டின்படி இலவசம். ஆனால் பகல் மைய உறுப்பினர்களுக்கு மட்டும்.

பக்கம் முப்பத்தொன்று: பகல் மையம். யார் வேண்டுமானாலும் உறுப்பினர் ஆகலாம். ஆனால் வீட்டு உதவி பெறுகிறார் என்ற கடிதம் வேண்டும். தனியாக விடப்பட்டவரைச் சேர்த்துக்கொண்டு பிறகு யார் பொறுப்பு?

அந்தக் கடிதம் தருபவர்கள், பக்கம் பதினொன்று.

டெஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு சுற்று. அறுந்த இடமே இல்லை. காகிதத்தின்படி எந்தக் கட்டத்தைத் தனியாகப் பார்த்தாலும் அது சரியாக வேலை செய்கிறது. நியாயமான கேள்வி கேட்கிறது, நியாயமான இடத்துக்கு அனுப்புகிறது. மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஒரு விளக்கும் எரியவில்லை.

"அறுந்திருந்தா ஒட்டலாம்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "இது நல்லா வேலை செய்யுது. அதான் எனக்கு வயிறு எரியுது."

6.

(அடிக்குறிப்பாக வைக்க நினைத்தேன். ஆனால் குற்றத்தை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கக் கூடாது.)

கையேடு எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். எனக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். முன்பு வெளியான மூன்று கையேடுகளையும் கொடுத்தார்கள். விதி ஒன்று: ஒரு சேவை இரண்டு மூலங்களில் இருந்தால் அது உறுதி செய்யப்பட்டதாகக் கொள்ளலாம். நான் விதியை மிஞ்சினேன். மூன்றிலும் இருந்தால்தான் எடுத்தேன். என்னைவிடக் கவனமாக யாரும் செய்திருக்க முடியாது என்று நம்பினேன்.

மூன்றாவது கையேடு இரண்டாவதைப் பார்த்துத் தொகுக்கப்பட்டது. இரண்டாவது முதலாவதைப் பார்த்து. முதலாவதைத் தொகுத்தவர் மட்டும் தெருத்தெருவாகப் போயிருக்கிறார். பத்து வருடங்களுக்கு முன்.

டெஸ்டர் இதை என் வாசலில் நின்றே புரிந்துகொண்டார். "ஒரே கம்பியில மூணு மீட்டரை மாட்டினா மூணும் ஒரே மாதிரிதான் காட்டும், தம்பி. அது மூணு சாட்சி இல்ல."

எனக்கு அறுபது வயதாகிறது. என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். இவர் கூப்பிட்டதற்காக மகிழவும் முடியவில்லை.

7.

இப்போது அந்த மீதி எண். பக்கம் இருபத்துமூன்று, முதியோர் வண்டி.

முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். பின்னணியில் தையல் இயந்திரத்தின் சத்தம்.

"வண்டிக்கா?" என்றது ஒரு பெண் குரல்.

"ஆமாம்மா."

"வண்டி நின்னு எட்டு வருஷமாச்சு. இது தையல் கடை. இந்த நம்பர் ஆறு வருஷமா என்கிட்ட இருக்கு. உங்களுக்கு எங்க போகணும், யாருக்காக, நடப்பாங்களா?"

டெஸ்டர் முதல் பாதிக்கு வருத்தம் தெரிவிப்பதா, இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்வதா என்று தெரியாமல் நின்றார். ஒன்பது நாளில் மூன்று கேள்விகளையும் சரியான வரிசையில் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் நேரிலேயே போனார். மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. கால்சட்டை நீளம் குறைத்தல், ஜிப் மாற்றுதல். தையல்காரம்மா ஊசியை உதட்டில் வைத்தபடியே ஒரு தடித்த அளவு நோட்டை எடுத்துப் போட்டார். முன்பக்கத்திலிருந்து வாடிக்கையாளர் அளவுகள்: இடுப்பு, நீளம், கை. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வேறோர் அளவு: யார் அழைத்தார்கள், எந்தத் தெரு, என்ன தேவை.

"ரெண்டு பக்கத்துலேர்ந்தும் எழுதிக்கிட்டே வரேன். நடுவுல பதினோரு பக்கம்தான் மிச்சம்" என்றார்.

"இதை ஏம்மா நீங்க..."

"ஏன்னா? முதல் வருஷம் எல்லாரையும் திட்டினேன். ஆபீசுக்கு எட்டு தடவை எழுதினேன், நம்பரை எடுங்கன்னு. அடுத்த பதிப்புல பாக்கறோம்னாங்க. அடுத்த பதிப்பு வந்துச்சு, நம்பர் இன்னும் பெருசா போட்டிருந்தாங்க." (அந்தப் பதிப்பு என்னுடையது. முதியவர்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கியது நான்தான்.) "ஒரு நாள் ஒருத்தர், ரிட்டயர் ஆன டிரைவர், 'வீட்ல உக்காந்து பைத்தியம் பிடிக்குதும்மா, எங்கயாவது போய் உக்கார இடம் இருக்கா'ன்னு கேட்டார். அதுக்கு முன்னாடிதான் ஒரு அம்மா வாரத்துல ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அழுதாங்க. நான் என்ன பண்ணேன்? இவர் நம்பரை அவங்களுக்குக் குடுத்தேன். அவ்வளவுதான். போனை வச்சுட்டு ஜிப் தைக்கப் போயிட்டேன்."

நோட்டின் பின்பக்கத்தில் இப்படி முப்பதுக்கும் மேல் கோடுகள். ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு. டெஸ்டர் அதைப் பார்த்ததும் தன் நாட்காட்டித் தாளை எடுத்து அருகில் வைத்தார். இரண்டும் படங்கள்தான். ஒன்றில் அம்புகள் சுற்றி வந்தன. மற்றதில் போய்ச் சேர்ந்தன.

தையல்காரம்மா பக்கம் புரட்டினார். "உங்க அக்காவுக்குக் காலைல ஆள் வேணும், இல்ல? இங்க ஒருத்தங்க இருக்காங்க. ஆஸ்பத்திரி வார்டுல இருபது வருஷம் நோயாளிகளைக் குளிப்பாட்டினவங்க. செவ்வாய், வெள்ளி வருவாங்க. மத்த நாள் வேற வீடு."

"இவங்க ஏன் கையேட்டுல இல்ல?"

"பதியப் போனாங்க. இருபது வருஷம் வேலை பாத்ததுக்குச் சான்று கேட்டாங்க. ஆஸ்பத்திரி மூடியாச்சு. யாரு குடுப்பா?"

வார்டம்மா பதினைந்தாம் தேதி வந்தார். வாரத்தின் ஏழு காலைகளில் இரண்டு நிரம்பின. ஐந்து காலி.

(தையல்காரம்மாவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினேன்: 'அந்த ஒடுங்கிய கடைக்குள் ஒரு பெரிய இதயம்' — அவரே அடிக்கச் சொல்லிவிட்டார். "நல்லவங்கன்னு எழுதாதீங்க. அப்புறம் விருது குடுத்து, நம்பரை அட்டைல போட்டுடுவாங்க. எனக்குத் தையல் வேலை இருக்கு. நான் செய்யறது அவங்க வேலை. அதை மட்டும் எழுதுங்க." எழுதிவிட்டேன்.)

8.

பதினாறாம் தேதி டெஸ்டர் கையேட்டை வெளியிட்ட அலுவலகத்துக்குப் போனார். டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். காத்திருக்கும் கூடத்தில் இருந்த நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து எழ எண்பது வயது முழங்காலுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை, அங்கேயிருந்த நாலைந்து பேரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மேசையில் இருந்த பெண் அலுவலர் அக்காவின் பெயரைக் கணினியில் தட்டினார்.

"சார், உங்க அக்காவுக்கு எதுவும் பாக்கி இல்லையே."

"பாக்கி இல்லன்னா?"

"ஏழு தடவை சேவை குடுத்திருக்கோம். ஏழும் முடிஞ்சிருக்கு."

 "என்ன சேவைம்மா?" என்றார் டெஸ்டர்.

"வழிகாட்டுதல். நீங்க கூப்பிட்டீங்க, நாங்க சரியான இடத்தைச் சொன்னோம். அதோட அந்தக் கேஸ் முடிஞ்சுது."

"அந்த இடத்துல கிடைச்சுதான்னு?"

"அது அந்த இடத்தோட கேஸ், சார்."

அவர் நாட்காட்டித் தாளை விரித்துச் சுற்றைக் காட்டினார். அலுவலர் உண்மையாகவே குனிந்து பார்த்தார். விரலால் ஒரு சுற்று போய்வந்தார். "நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்றார். கேலி இல்லை. "கடைசியில நாங்களே திருப்பிக் கூப்பிட்டிருக்கோம், சார், எட்டாம் தேதி. வீட்ல யாரும் எடுக்கல."

"நாங்க வெளிய போயிருந்தாலும் அக்கா வீட்லதான் இருந்தாங்க. எத்தனை ரிங் விட்டீங்க?"

"கம்ப்யூட்டர் தானா கூப்பிடும். ஆறு ரிங்ல தானா கட் ஆயிடும். 'பதில் இல்லை, முடிக்கப்பட்டது'ன்னு விழுந்துடும்."

சுவரில் போன வருட அறிக்கையின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. 'ஒன்பதாயிரத்து முந்நூறு மூத்தோருக்குத் துணை நின்றோம்.' டெஸ்டர் அதைப் படித்தார். அடுத்த வருடச் சுவரொட்டியில் தன் அக்கா ஏழு பேராக இருப்பார் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. ஏழு முறை துணை கிடைத்த ஏழு கிழவிகள். ஒருத்திக்கும் குளிக்க வழியில்லை.

"சந்தாதாரரைக் கேக்காம சீட்டை மூடறீங்களேம்மா" என்றார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. இந்தக் கையேட்டை எழுதினது யாரு?"

அலுவலர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தொகுப்பு என்ற சொல்லுக்குக் கீழே, சின்ன எழுத்தில், என் முகவரி.

(இந்த அலுவலருக்கு நான் ஒரு தாயைக் கொடுத்திருந்தேன். அந்தத் தாயும் அதே பட்டியலில் காத்திருப்பதாகவும், அதைச் சொல்லும்போது இவர் குரல் உடைவதாகவும் எழுதினேன். டெஸ்டர் நிறுத்தினார். "அவங்க அம்மாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே." சொல்லவில்லைதான். அவருக்கு மனமிரங்க ஒரு காரணம் வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றியது. யாரோ ஒருவரின் அம்மா குளிக்க வேண்டும் என்பதே போதாதா? அடித்துவிட்டேன்.)

9.

அடுத்த பதிப்புக்கான வேலை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எல்லா எண்களையும் போட்டுப் பார்க்க இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் நேரமில்ல. ரெண்டு மூலத்துல இருந்தா எடுத்துக்குங்க" என்று பதில் வந்தது. அந்த இரண்டு மூலங்களில் ஒன்று, என் பழைய கையேடு.

என் தவற்றுக்கு என்னையே சாட்சி கூப்பிடுகிறார்கள்.

இல்லை, இந்தப் பகுதியில் நான் மிகவும் புலம்புகிறேன். இது என் கதை இல்லை. அடுத்தது.

10.

இதுவரை எழுதியதை இருபத்தைந்தாம் தேதி டெஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். மூன்று முடிவுகள் தயாராக இருந்தன.

முதல் முடிவில் ஐந்து காலைகளும் நிரம்புகின்றன. தெருமுனையில் வெள்ளை வண்டி ஒன்று திரும்புகிறது. அக்கா கையசைக்கிறார்.

டெஸ்டர் கேட்டார்: "அந்த வண்டி எந்த நம்பருக்குப் போட்டா வரும்?"

இரண்டாவதில் அக்கா இல்லத்துக்குப் போகிறார். ஒரே ஒரு பெட்டி. வாசலில் திரும்பிப் பார்க்கிறார்.

"படிக்கறவங்க அழுவாங்களா?"

"அழுவாங்கன்னுதான் நினைக்கறேன்."

"அழுதுட்டுப் புத்தகத்தை மூடிடுவாங்க. இதுவும் ஒரு முடிக்கப்பட்டதுதான்."

மூன்றாவதில் அலுவலகம் திருந்துகிறது. மேலதிகாரி தையல் கடைக்கே வந்து மன்னிப்புக் கேட்கிறார். டெஸ்டர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு அவர் கேட்டார். "அக்காவைக் கேட்டீங்களா?"

நான் காகிதங்களைப் புரட்டினேன். இத்தனை பக்கத்தில் அக்கா பேசியது ஒரே ஒரு வரி. டீயைத் தள்ளச் சொன்னது.

"இல்லை" என்றேன். "நீங்க கேட்டீங்களா?"

டெஸ்டர் தன் நாட்காட்டித் தாளைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் சந்தாதாரர் குரல் கேட்காமல் ஒரு சீட்டையும் மூடாத மனிதர். இருபத்தைந்து நாளாக ஓடுகிறார். புகார் என்ன என்று புகார்தாரரை ஒரு தடவை கேட்கவில்லை. மேசையில் அவரும் அக்காவின் மகனும் பேசினார்கள், தேவை தெளிவாகிவிட்டது என்று எழுதினேன் அல்லவா? அந்த வாக்கியத்தை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். போய்ப் பாருங்கள்.

11.

நேற்று இருவரும் அக்காவின் வீட்டுக்குப் போனோம். நான் இன்னார் என்று டெஸ்டர் சொன்னார்.

"ஓ, அந்தப் புஸ்தகக்காரரா?" என்றார் அக்கா. "அட்டைப் படத்துல இருக்கறவங்களுக்குப் பல்லு நல்லா இருக்கு. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்."

டெஸ்டர் நின்றுகொண்டே, "அக்கா, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்பது நாள் என் மேசைல உக்காந்து ஊரெல்லாம் போன் போட்டியே. நான் உனக்கு எதிர்லதானே இருந்தேன்?"

"தப்புதான்."

"பகல் மையத்துக்குப் போகணும்னு உன்கிட்ட யாரு சொன்னா? அங்க காகிதத்துல பூ ஒட்டச் சொல்லுவாங்க. நான் முப்பது வருஷம் நோட்டும் சில்லறையும் எண்ணின கை. எனக்குச் சீட்டாட இன்னும் மூணு பேர் வேணும், அவ்வளவுதான். நீ ஆகமாட்ட. நீ சீட்டை எதிராளிக்குக் காட்டிக்கிட்டே ஆடுவ."

டெஸ்டர் தன் படத்தை மனத்துக்குள் திரும்பப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. மையம் வேண்டாம் என்றால் வண்டிக்காக அலைந்ததும் வேண்டாம். அம்புகளில் பாதி போயிற்று.

"ஆனா காலைல ஆள் வேணும்" என்றார் அக்கா. "அது நிஜம். மருமக குளிப்பாட்டினா நான் கண்ணை மூடிக்குவேன். அவளும் மூடிக்குவா. பாவம், ஒரு வருஷமா ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டே குளிக்கிறோம். இப்ப செவ்வாக்கிழமை ஒருத்தி வரா பாரு, அவ ஆஸ்பத்திரிக் கதை சொல்லிக்கிட்டே தண்ணி ஊத்தறா. நான் கண்ணைத் திறந்துக்கிட்டு இருக்கேன்."

ஏழு சேவைகளைப் பற்றி டெஸ்டர் அவரிடம் முன்பே சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"வரிசைல நிக்கிறவனை அடுத்த கவுன்ட்டருக்கு அனுப்பறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நானும் அனுப்பியிருக்கேன். பசி நேரத்துல, தலைவலியில, சும்மாவே கூட. ஆனா அனுப்பினவனுக்கு டிக்கெட் குடுத்தேன்னு நான் எழுதி வச்சதில்ல. எனக்கு ஏழு தடவை உதவி பண்ணாங்களாமே. ஒரு தடவையாவது எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

குரல் உயரவில்லை. ஆனால் நடைச்சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

நான் மூன்று முடிவுகளைப் பற்றியும் சொன்னேன். எது வேண்டும் என்று கேட்டேன். கேட்டதுமே அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தெரிந்துவிட்டது.

"இன்னும் நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள நீங்க ஏன் முடிக்கணும்னு பாக்கறீங்க?" என்றார். "ஒண்ணாம் தேதி காலைல ஏழரைக்கு இந்த வீட்டுக்குப் போன் பண்ணுங்க. நான் எடுத்தா இங்க இருக்கேன். எடுக்கலைன்னா இல்ல."

"சரிம்மா."

"பதினெட்டு ரிங் விடணும். கட்டில்லேர்ந்து போன் வரைக்கும் எனக்கு அவ்வளவு ஆகும், எண்ணிப் பாத்திருக்கேன். எல்லாரும் ஆறுல வச்சுட்டுப் போயிடறாங்க."

12.

இன்று இருபத்தேழாம் தேதி. காலைகளில் ஐந்து இன்னும் காலி. இல்லத்தில் அந்தக் கட்டில் இன்னும் காலி. தையல்காரம்மா நோட்டில் அக்காவின் பெயரிலிருந்து ஒரு கோடு இழுத்து, மறுமுனையை அப்படியே விட்டிருக்கிறார். சீட்டாட ஆள் கேட்டும் ஒரு கோடு. மீதி இப்போது பத்துப் பக்கம்.

அக்காவின் எண்ணை இங்கே அச்சடிக்க மாட்டேன். நான் ஓர் எண்ணை அச்சடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இதைப் படிக்கும்போது எந்தத் தேதியாக இருந்தாலும், உங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒருவர் கட்டிலிலிருந்து தொலைபேசியை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். உங்களுக்கு அந்த எண் தெரியும். உங்கள் வாரத்தில் ஒரு காலை காலியாக இருக்கிறதா, மூன்று பேரோடு உட்கார்ந்து சீட்டாட உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

டெஸ்டர் தன் பழைய வேலையின் நினைவாக வைத்திருந்த வெற்றுப் புகார்ச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். என்னால் நிரப்ப முடிந்தவரை நிரப்பியிருக்கிறேன். கடைசி வரியைத் தொட எனக்கு உரிமை இல்லை. போன் போடுங்கள். ஆறில் வைத்துவிடாதீர்கள்.

புகார்: காலையில் ஒரு கை வேண்டும். சீட்டாட மூன்று பேர் வேண்டும்.

பழுது எந்தப் பக்கம்: நம் பக்கம். சந்தாதாரர் பக்கம் கம்பி நன்றாக இருக்கிறது.

இதுவரை செய்தது: ஏழு முறை முடித்தார்கள். ஒரு முறை எழுதினேன்.

சந்தாதாரர் சொன்னது: